புயலைத் திருப்புவது எது?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி புயலைப் பற்றித்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ராயபுரத்தில் இது வழக்கம். காலையில் பால் வாங்கப் போனால்கூட, "டீச்சர், இந்த வாட்டி நமக்கா, நெல்லூருக்கா?" என்று கேட்பார்கள். நான் முப்பத்தொரு வருஷம் தண்டையார்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் எடுத்தவள். அப்பா காசிமேட்டில் கட்டுமரம் வைத்திருந்தவர். புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னாலும் நடக்கும். அதனால் நிலநடுக்கம், கிரகணம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இதழ் முழுக்கப் புயல் திரும்புகிற கதைதான்.

"2023 டிசம்பரில் மிக்ஜாம் நேராக நம்மைப் பார்த்து வந்தது. கிட்டே வந்ததும் கரையை ஒட்டியே வடக்கே ஏறி, ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கரையேறியது. அதற்கு யார் வழி காட்டினார்கள்? விளக்கமாகச் சொல்லவும்."
— விசைப்படகு உரிமையாளர், காசிமேடு

புயல் தானாகத் திரும்புவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் காற்றுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது, அதுதான் திருப்பவும் செய்கிறது.

மழைக்காலத்தில் ஒரு நாள் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய் நின்று பாருங்கள். கொசஸ்தலை ஆறு கலங்கலாகக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். பாலத்துத் தூணில் தண்ணீர் மோதிப் பிரிகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சின்னச் சுழி பிறக்கும். ஒரு முழம் அகலம்கூட இருக்காது. ஆகாயத்தாமரை இலையோ தெர்மாகோல் துண்டோ அதில் மாட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றும். சுற்றிக்கொண்டே அந்தச் சுழி தூணை விட்டுக் கிளம்பிவிடும். எங்கே போகும்? ஆறு போகிற பக்கம். மணல்திட்டு குறுக்கே வந்து ஓட்டம் வளைந்தால் சுழியும் வளையும். ஓட்டம் தேங்குகிற இடத்தில் சுழியும் அப்படியே நின்று சுற்றும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இதைப் பல வருஷம் காட்டியிருக்கிறேன். சுற்றுவது சுழியின் வேலை. அதை நகர்த்துவது ஆற்றின் வேலை. இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் புயல் திரும்புவதில் பாதி புரிந்தமாதிரி.

புயலும் இப்படி ஒரு சுழிதான், பல நூறு கிலோமீட்டர் அகலம். அதைச் சுமந்து போகிற ஆறு வானத்தில் ஓடுகிறது. தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி பன்னிரண்டு கிலோமீட்டர் வரைக்கும் இருக்கிற காற்று எல்லாம் சேர்ந்து சராசரியாக எந்தப் பக்கம் போகிறதோ, ஏறத்தாழ அந்தப் பக்கம் புயலும் போகும்.

சரி, அந்தக் காற்றாறு ஏன் வளைகிறது? இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் பிராகாரம்தான். வானத்தில் உயர் அழுத்தப் பகுதி என்று ஒன்று உண்டு. அங்கே காற்று மேலிருந்து கீழே இறங்கி, வெளிப்பக்கமாகப் பரவும். நம் பூமியின் வடபாதியில் அது கடிகார முள் சுற்றுகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டு பரவும், அதாவது நாம் சுவாமியை வலம் வருகிற அதே பக்கம். புயல் இதற்கு நேர்மாறாக இடமாகச் சுழலும். ஆனால் உயர் அழுத்தப் பகுதியின் ஓரத்தில் மாட்டிக்கொண்ட புயல், அதை வலம்தான் வரும். உள்ளே புக அதனால் முடியாது.

இப்போது பிராகாரத்தில் நடந்து பாருங்கள். தெற்குப் பிராகாரத்தில் நீங்கள் மேற்கே நடப்பீர்கள். மூலை திரும்பி மேற்குப் பிராகாரத்துக்கு வந்தால் வடக்கே நடப்பீர்கள். அடுத்த மூலையும் திரும்பினால் கிழக்கே. புயலும் இதையேதான் செய்கிறது. உயர் அழுத்தத்தின் தென்புறத்தில் இருக்கும்வரை மேற்கே, அதாவது தமிழ்நாட்டைப் பார்த்து வரும். மேற்கு ஓரத்துக்கு வந்ததும் வடக்கே ஏறும். அதற்கும் மேலே போய் வடக்கத்திய மேற்குக் காற்றில் சிக்கினால் வடகிழக்காக வளைந்து வங்கதேசம், மியான்மர் பக்கம் போய்விடும்.

மிக்ஜாம் டிசம்பர் 1, 2, 3 தேதிகளில் வடமேற்காக நம்மைப் பார்த்து வந்தது தெற்குப் பிராகார நடை. நம் கரைக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் கிட்டே வந்தபோது மூலை வந்துவிட்டது. அங்கிருந்து மேற்குப் பிராகாரம். அதனால் கரையோடு கரையாக வடக்கே ஏறி, 5-ம் தேதி பிற்பகல் பாபட்லா அருகே கரையேறியது.

நமக்குத் துன்பம் வந்தது அந்த மூலையில்தான். திரும்புகிற இடத்தில் தள்ளுகிற காற்று வலுவில்லாமல் இருக்கும். ஒரு பக்கம் மேற்கே தள்ளுகிறது, இன்னொரு பக்கம் வடக்கே தள்ளுகிறது, இரண்டுமே பலமாக இல்லை. புயல் சைக்கிளைவிட மெதுவாக நகர்ந்தது. அது நகராத நேரமெல்லாம் மழை மேகம் ஒரே ஊரின் மேல் நின்றது. சென்னையில் சில இடங்களில் இரண்டு நாள் மழை 40 செ.மீ.யைத் தாண்டியது அதனால்தான். நம் கரையில் ஏறவே இல்லாத புயல் நம்மை முழங்கால் தண்ணீரில் நிறுத்தியது. அந்த வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுத்துப்போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் சித்தப்பா மகன் தன் வலையை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்து, கடைசியில் அப்படியே தூக்கிப் போட்டான். "புயல் நம்மைத் தாண்டிப் போய்விட்டது" என்று டிவியில் சொன்னபோது அவன் அந்த வலை முன்னால் உட்கார்ந்திருந்தான்.

ஃபெஞ்சலும் இதே கதைதான். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு, தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. புயலின் காற்று வேகத்தை மட்டும் கேட்காதீர்கள், அது நகர்கிற வேகத்தையும் கேளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

"மிக்ஜாம் நாளில் எங்கள் குப்பத்தில் அடித்தது வாடைக் காற்று. வடக்கிலிருந்து தெற்கே தள்ளுகிற காற்று. அப்படியிருக்க புயல் மட்டும் எதிர்க்காற்றில் எப்படி வடக்கே போனது?"
— கருவாட்டு வியாபாரி, திருவொற்றியூர்

அம்மா, இவ்வளவு நல்ல கேள்வி எனக்கு வந்து வெகு நாளாகிறது. இரண்டு விஷயம் இதில் இருக்கிறது.

ஒன்று, அன்று உங்கள் முகத்தில் அடித்தது புயலின் சொந்தக் காற்று. புயல் நமக்குக் கிழக்கே கடலில் இருந்தது. அது இடமாகச் சுழல்வதால் அதன் மேற்கு ஓரத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கே ஓடும். நாம் அந்த மேற்கு ஓரத்தில் இருந்தோம். சுழிக்குள் மாட்டிய இலை ஒரு கணம் ஆற்றுக்கு எதிராகக்கூடப் போகும் இல்லையா, அந்தமாதிரி.

இரண்டு, தரையில் அடிப்பது காற்றின் அடிப்பகுதி மட்டும்தான். உங்கள் வீட்டு ஆண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். மேலே மிதவை ஒரு பக்கம் ஒதுங்கும், ஆழத்தில் தொங்குகிற வலை வேறு பக்கம் இழுக்கும். மேல்தண்ணீர் ஓட்டமும் அடித்தண்ணீர் ஓட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வானத்திலும் அப்படியே. கீழே வாடை அடிக்கும்போது ஆறு கிலோமீட்டர் மேலே தெற்கத்திக் காற்று ஓடலாம்.

இந்த மேல்காற்றை அளக்க மீனம்பாக்கத்தில் தினமும் இரண்டு தடவை பலூன் விடுகிறார்கள், காலை ஐந்தரை, மாலை ஐந்தரை மணிக் கணக்குக்கு. ஹைட்ரஜன் நிரப்பிய வெள்ளை பலூன், அதன் கீழே நூலில் தொங்குகிற ஒரு சின்னக் கருவிப் பெட்டி. அது ஏற ஏறக் காற்று எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது என்பதை வைத்து ஒவ்வொரு உயரத்துக்கும் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிடுவார்கள். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் இதே நேரத்தில் பலூன்கள் ஏறுகின்றன. நடுக்கடலில் பலூன் விட ஆள் இல்லை என்பதால் அங்கே செயற்கைக்கோள் படத்தில் மேகம் நகர்வதைப் பார்த்துக் காற்றைக் கணிக்கிறார்கள். ராஜாஜி சாலையில் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் ஒரு பெரிய வெள்ளை உருண்டை தெரியும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது டாப்ளர் ரேடார். 2002-லிருந்து வேலை செய்கிறது. புயல் இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு மழை வைத்திருக்கிறது என்று அது காட்டும். அதைத் திருப்பப்போகிற காற்றோ அந்த ரேடாருக்கு எட்டாத தூரத்தில், மியான்மர் மேலேயோ அரபிக்கடல் மேலேயோ இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புயல் வலுவாக இருந்தால் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரம்போல நிற்கும். அப்போது மேல், கீழ் என எல்லா அடுக்குக் காற்றும் சேர்ந்து அதைத் தள்ளும். வலுவிழந்தால் கோபுரம் குட்டையாகிவிடும். அப்புறம் கீழ்க்காற்று சொல்வதுதான் சட்டம். நம் பக்கம் கார்த்திகை, மார்கழியில் கீழ்க்காற்று வடகிழக்கிலிருந்து வருவது. 2013 டிசம்பரில் மடி என்று ஒரு புயல் வங்கக் கடலில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. நடுக்கடலில் கொண்டை ஊசி வளைவுபோலத் திரும்பித் தென்மேற்கே இறங்கி, வலுவிழந்தபடியே வேதாரண்யம் அருகே கரைக்கு வந்து சேர்ந்தது. வரைபடத்தில் அந்தப் பாதையைப் பார்த்தபோது யாரோ பேனாவைத் தவறாக இழுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"2019-ல் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தபோது ஃபானி புயல் வரும், மழை தரும் என்று எதிர்பார்த்தோம். அது ஒடிசாவுக்குப் போய்விட்டது. ஏன்?"
— குடும்பத் தலைவி, கொருக்குப்பேட்டை

அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குடங்கள். எங்கள் தெருவில் லாரி வரும் முனையிலிருந்து கோயில் வரைக்கும் பச்சை, மஞ்சள், நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துணி, அடையாளத்துக்கு. புழல் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. ஏப்ரல் கடைசியில் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஃபானி உருவானபோது, ஆயுளில் முதல் தடவையாகப் புயல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டவர்களைப் பார்த்தேன். அவர்களில் நானும் ஒருத்தி.

அது முதலில் வடமேற்காகத் தமிழ்நாட்டைப் பார்த்துத்தான் வந்தது. உயர் அழுத்தத்தின் மேற்கு ஓரம் நம் கரைக்கு வெகு தொலைவில், நடுக்கடலிலேயே இருந்தது. அதனால் நம்மை எட்டுவதற்கு முன்பே மூலை வந்துவிட்டது. வடக்கே திரும்பி, அப்புறம் வடகிழக்காக வளைந்து, மே 3-ம் தேதி பூரி அருகே கரையேறியது. போகிற வழியெல்லாம் சூடான கடல், அதனால் மிகத் தீவிரமாகிவிட்டது. காற்று மணிக்கு 175 கி.மீ.யைத் தொட்டது. மழைக்காக நாம் வேண்டிய அதே புயல் அங்கே கூரைகளைப் பிய்த்துப் போட்டதைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

நமக்கு மழை தராதது மட்டுமல்ல, சுற்றுப்புற ஈரத்தை எல்லாம் அது தன் பக்கம் இழுத்துக்கொள்ள, நமக்கு வறண்ட மேற்குக் காற்றும் வெயிலும்தான் மிஞ்சின. கோடைப் புயல்கள் வடக்கே திரும்புவது அடிக்கடி நடப்பது. 2010 மே மாதம் லைலா இப்படித்தான் சென்னையை நெருங்கி வந்து, வடக்கே ஏறி, பாபட்லா அருகே கரையேறியது. 2016 மே மாதம் ரோனு தமிழகக் கரை, ஆந்திரக் கரை, ஒடிசாக் கரை என்று ஒட்டிக்கொண்டே போய் வங்கதேசத்தில் கரையேறியது.

"சென்னைக்கு என்று சொல்கிறார்கள், ஸ்கூல் லீவு விடுகிறார்கள், கடைசியில் புயல் வேறு ஊருக்குப் போகிறது. இது ஏமாற்று வேலை இல்லையா? எங்கள் ஸ்டாண்டில் எல்லாரும் இதையேதான் பேசுகிறார்கள்."
— ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

ஏமாற்று இல்லை தம்பி. ஸ்டாண்டில் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கணிக்கிறவர்கள் புயலை மட்டும் கணித்தால் போதாது. அதைச் சுற்றியிருக்கும் ஆற்றையே கணிக்க வேண்டும். உயர் அழுத்தப் பகுதி நாளைக்கு ஒரு நூறு கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்தால் புயலின் மூலை முன்கூட்டியே வரும், மேற்கே நீண்டால் மூலையே வராது. இமயமலைப் பக்கம் ஓடுகிற மேற்குக் காற்றில் ஒரு பள்ளம் விழுந்து தெற்கே தொங்கினால், உயர் அழுத்தம் நடுவில் பிளந்து, புயல் அந்த இடைவெளி வழியாக வடக்கே நழுவும். இதையெல்லாம் சேர்த்துத்தான், புயல் எங்கெல்லாம் போகலாம் என்று காட்ட, வானிலை மையம் வரைபடத்தில் கூம்பு மாதிரி ஒன்றைப் போடுகிறது. ஒரு நாள் முன்னதாகச் சொல்கிற இடத்தில் சராசரியாகச் சுமார் 75 கி.மீ. பிசகு வரும், மூன்று நாள் முன்னால் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. காசிமேட்டிலிருந்து 75 கி.மீ. வடக்கே போனால் ஸ்ரீஹரிக்கோட்டாவைத் தொடப்போகிறோம், தெற்கே போனால் கல்பாக்கத்தையும் தாண்டிவிடுவோம். கூம்பின் நடுக்கோடு நம் தெருவைத் தொடவில்லை என்று நிம்மதியாகப் படுப்பது எவ்வளவு தப்பு என்று இதிலிருந்தே தெரியும்.

2018 நவம்பரில் கஜா வந்ததை நினைத்துப் பாருங்கள். 11-ம் தேதி வடதமிழகம் என்றுதான் பேச்சு. காசிமேட்டில் படகுகளை நெருக்கிக் கட்டி, நடுவில் பழைய டயர்களைச் செருகினார்கள். 12-ம் தேதி அது கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தென்மேற்கே திரும்பியது. அதன் வடக்கே இருந்த உயர் அழுத்தம் பலப்பட்டு, அதைத் தென்மேற்கே தள்ளிவிட்டது. இங்கே வெயில் அடித்தது. "சும்மா பயமுறுத்தினாங்க" என்று துறைமுகத்தில் பேச்சு ஆரம்பித்தது.

16-ம் தேதி நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. என் நாத்தனார் வீடு வேதாரண்யம் பக்கம். நான்கு நாள் போன் கிடைக்கவில்லை. ஐந்தாவது நாள் கிடைத்தபோது அவள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணி, தென்னை ஒண்ணுகூட நிக்கல" என்றாள். அவள் மாமனார் வைத்த மரங்கள். திரும்பிப் போன புயல் என்று நாம் சொல்வது இன்னொருவர் வீட்டுக்கு வந்த புயல். "சென்னை தப்பியது" என்று கொட்டை எழுத்தில் போடுகிற பத்திரிகைக்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"பூமி சுழல்வதாலும் புயல் திரும்புமா? இரண்டு புயல்கள் அருகருகே வந்தால் என்ன ஆகும்?"
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, மணலி

திரும்பும் கண்ணு, கொஞ்சம். சுற்றுப்புறக் காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் நம் பக்கப் புயல் சும்மா நிற்காது, மெதுவாக வடமேற்கே நகரும். பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கிற திருகல் நிலநடுக்கோட்டில் இல்லை, வடக்கே போகப் போகக் கூடும். புயல் அகலமானது. அதன் கிழக்குப் பக்கக் காற்று வடக்கே போகிறது, மேற்குப் பக்கக் காற்று தெற்கே வருகிறது. இரண்டுக்கும் கிடைக்கிற திருகல் வேறு வேறு. அந்த வித்தியாசம் புயலின் இரு பக்கமும் இரண்டு லேசான சுழற்சிகளை உண்டாக்கி, புயலை நடுவில் பிடித்து வடமேற்கே நகர்த்தும். வேகம் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். சுற்றுக் காற்று பலமாக இருக்கும் நாளில் இது தெரியவே தெரியாது. மிக்ஜாம்போல மூலையில் திணறுகிற நேரத்தில் இதுவும் கணக்கில் வரும்.

இரண்டு புயல்கள் சுமார் ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்குள் நெருங்கினால் ஒன்றின் காற்று மற்றதைத் தள்ளும். இரண்டும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதுபோல ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி வரும். ஜப்பானைச் சேர்ந்த சகுஹெய் ஃபுஜிவாரா 1921-ல் நீர்ச் சுழிகளை வைத்து இதைப் பற்றி எழுதினார். அதனால் இதற்கு அவர் பெயர். பார்த்தாயா, அவரும் தண்ணீரில்தான் தொடங்கியிருக்கிறார். உன் டீச்சரிடம் சொல்லி எண்ணூர்ப் பாலத்துக்கு ஒரு நாள் போய்விட்டு வா.

"துறைமுகத்தில் 5-ம் எண் கூண்டு, 6-ம் எண் கூண்டு என்கிறார்கள். 6 என்றால் 5-ஐவிட மோசமா? அப்புறம், ரேடியோ, போன் எதுவும் இல்லாத காலத்தில் புயல் எந்தப் பக்கம் போகிறது என்று கரையில் நின்றே கண்டுபிடிக்க முடிந்ததா?"
— ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளியின் மகன், தண்டையார்பேட்டை

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது, அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

கூண்டு எண் ஏறிக்கொண்டே போகிற பரீட்சை மார்க் மாதிரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. 1, 2 என்றால் புயல் தொலைவில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 மூன்றும் அபாயம், மூன்றும் ஒரே தரம். வித்தியாசம் புயல் போகிற பாதையில்தான். 5 என்றால் துறைமுகத்தை இடது கைப்பக்கம் விட்டுவிட்டுப் புயல் கடக்கும். 6 என்றால் வலது கைப்பக்கம் விட்டுவிட்டுக் கடக்கும். 7 என்றால் நேராகத் துறைமுகத்தின் மேல் அல்லது மிக அருகே. கடும் புயலாக இருந்தால் இதே மூன்றும் 8, 9, 10 ஆகிவிடும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. அந்தக் காலத்தில் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் தொங்கும்.

இடம், வலம் என்பதைப் புயலோடு சேர்ந்து நீங்களும் போவதாக நினைத்துப் பார்க்க வேண்டும். மேற்கே வருகிற புயல் நமக்கு வடக்கே, பழவேற்காடு பக்கம் கரையேறினால் சென்னை அதன் இடது கையில் இருக்கும். அப்போது நமக்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். நமக்குத் தெற்கே, மாமல்லபுரம் பக்கம் கரையேறினால் சென்னை வலது கையில். காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடித்து, அலையைத் தூக்கிக்கொண்டு கருங்கல் தடுப்பைத் தாண்டி வீட்டுக்குள் வரும். வலது பக்கத்தில் புயல் சுற்றுகிற வேகமும் நகர்கிற வேகமும் ஒன்று சேர்ந்துகொள்ளும். எங்கள் கரையோரத் தெருக்களுக்கு 5-ஐவிட 6 பயங்கரம் என்றால் அது இந்த அர்த்தத்தில்தான்.

இனி கரையில் நின்று பார்ப்பது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இடது கையை நேராக நீட்டுங்கள். புயலின் நடுப்பகுதி ஏறத்தாழ அந்தப் பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். நெதர்லாந்தின் பைஸ் பாலட் 1857-ல் எழுதிய விதி இது. அப்பா இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் புயல் சேதி வந்தால் கரையில் நின்று மணிக்கு ஒரு தடவை காற்றின் பக்கத்தைப் பார்ப்பார். வாடை கொண்டலாகி, அதுவும் தெற்கே இறங்கினால், அதாவது காற்று வலமாகத் திரும்பினால், புயல் நமக்குத் தெற்கே போகிறது. நாம் அதன் வலது கையில், 6-ம் எண் நிலை. வாடை மேற்கே சாய்ந்து கோடையானால், அதாவது இடமாகத் திரும்பினால், புயல் நமக்கு வடக்கே போகிறது, 5-ம் எண் நிலை. மிக்ஜாம் கடலிலேயே நம்மைத் தாண்டி வடக்கே ஏறியபோது இந்த இரண்டாவதுதான் நடந்தது. காற்று பக்கமே மாறாமல் வலு மட்டும் ஏறிக்கொண்டே போனால்தான் அப்பா அம்மாவைப் பார்த்து, "அரிசிய மேல தூக்கி வை" என்பார்.

2016 டிசம்பர் 12, வர்தா. முதலில் ஆந்திரக் கரைக்கு என்று பேசப்பட்ட புயல், வடக்கே இருந்த உயர் அழுத்தத்தால் மேற்கே தள்ளப்பட்டு நேராகச் சென்னைக்கு வந்தது. அன்று காலையிலிருந்து எங்கள் வீட்டுப் பின்கட்டு முருங்கை தெற்கே வளைந்து நின்றது. பத்து மணிக்கும் வடக்கத்திக் காற்று, பன்னிரண்டுக்கும் வடக்கத்திக் காற்று, இரண்டுக்கும் அதேதான், வலு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அப்பா உயிரோடு இல்லை. நான்தான் அரிசியை மேலே தூக்கி வைத்தேன்.

பிற்பகலில் திடீரென்று காற்று விழுந்துவிட்டது. இலை அசையவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் தெருவுக்கு வந்து, விழுந்து கிடந்த கிளைமேல் ஏறி நின்று போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். தலைக்கு மேலே கண் நிற்கிறது, அடுத்தது தெற்கிலிருந்து வரும், உள்ளே போங்கள் என்று மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒரு அம்மா வந்து எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் காற்று தெற்கிலிருந்து திரும்பி வந்தது. காலையெல்லாம் தெற்கே சாய்ந்து தாக்குப்பிடித்த முருங்கை, அந்த முதல் அடியில் வடக்கே முறிந்து, பிள்ளைகள் நின்றிருந்த பக்கத்துச் சுவர்மேல் விழுந்தது.

கையை நீட்டிப் பார்ப்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதை இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்குக் கூண்டும் எச்சரிக்கையும் இருக்கின்றன. காற்று உங்கள் கையில் திரும்புவதற்குள் படகு வெகு தூரம் போயிருக்கும்.